நன்றி சொல்லும் அதிகாரம்

கோரைக்குடியில் கல்யாணம், காதுகுத்து, புதுநன்மை, சுன்னத்து, கருமாதி என்று எது நடந்தாலும் அண்டாவும் தவலையும் விண்ணரசியின் கொட்டகையிலிருந்துதான் போக வேண்டும். அதே கொட்டகையின் மறுபாதியில் அவள் கணவர் ரெமிஜியஸ் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறார். ஊரில் ஒரு விசேஷம் என்றால் சத்தம் புருஷனுடையது, சாப்பாட்டுப் பாத்திரம் பெண்டாட்டியுடையது. எந்த வீட்டில் சாம்பார் பத்தாமல் போனது, எந்த வீட்டில் மிஞ்சியதைக் குழி தோண்டிக் கொட்டினார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். கேட்டால் சொல்ல மாட்டாள். கேட்காவிட்டால் சொல்லிவிடுவாள்.

அவள் பிறந்தது பூதலூர் பக்கம். அப்பா ரயில்வே கேட்டில் வேலை பார்த்தவர். கேட் மூடியிருக்கும்போது இரண்டு பக்கமும் லாரிகளும் மாட்டு வண்டிகளும் நிற்கும். பாவாடை கட்டிய விண்ணரசி வடபக்கம் போய், ரயில் அடுத்த ஸ்டேஷனிலேயே நின்றுவிட்டது, சாயங்காலம்தான் வரும் என்பாள். தென்பக்கம் போய், முதலில் வடபக்கத்து வண்டிகளைத்தான் விடப் போகிறார்கள் என்பாள். பிறகு அப்பாவின் நாற்காலிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு இரண்டு கூட்டமும் அவரிடம் சண்டைக்கு வருவதை வேடிக்கை பார்ப்பாள். இதற்காக வாங்கிய அடிகளுக்குக் கணக்கில்லை. குணம் மட்டும் மாறவில்லை.

அவள் வார்டு மெம்பர் ஆனது கூட அப்படி ஒரு கூத்தில்தான். வடகரை ஊராட்சியில் ஆறாவது வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். ஊரின் இரண்டு பெரிய குடும்பங்களும் ஆளுக்கொரு மருமகளை நிறுத்தின. இரண்டு தரப்புக்கும் பிரியாணி அண்டா கொடுத்தது விண்ணரசி. அண்டாவைத் திரும்ப எடுக்கப் போன இடத்தில், "நீயும் சும்மா ஒரு மனு போடேன், அவங்க ஓட்டு கொஞ்சம் பிரியும்" என்று ஒரு வீட்டில் காதோடு சொன்னார்கள். மறுநாள் எதிர் வீட்டிலும் அதையே சொன்னார்கள். இரண்டு வீட்டாரின் பேச்சையும் தட்டாமல் ஒரே ஒரு மனு போட்டாள். ஓட்டுகள் எல்லாருக்கும் பிரிந்தன. பிரிந்ததில் பெரிய பங்கு அவளுக்கு வந்து சேர்ந்தது.

கோரைக்குடி ஒரே ஊர்தான். நடுவே ஓடும் கோரை வாய்க்கால் அதை இரண்டு ஊராட்சியாக்கியிருக்கிறது. வடகரைக்குத் தலைவர் அடைக்கலராஜ். கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டைக்காரர். யார் என்ன கேட்டு வந்தாலும் நாற்காலி போட்டு உட்கார வைத்து, "அது நம்ம அதிகாரத்துல வராதுங்களே" என்பார். அதை அவர் சொல்லும் இதத்தில், கேட்டு வந்தவர் ஏதோ கிடைத்துவிட்ட திருப்தியோடு எழுந்து போவார். தெருவைத் தாண்டிய பிறகுதான் கையில் ஒன்றும் இல்லை என்பது உறைக்கும்.

தென்கரைக்குத் தலைவி சைத்தூன் பீவி. பேச்சு கனத்தது, கை தாராளம். விண்ணரசி அவரை லாத்தா என்பாள். அக்கா என்பதற்கு அவர் வீட்டுத் தெருவில் அதுதான் சொல்.

இரண்டு கரைக்கும் நடுவே அந்த வருஷம் வாய்க்காலே கண்ணுக்குத் தெரியவில்லை. ஆகாயத்தாமரை மண்டி, பச்சைப் பாய் விரித்ததுபோல் கிடந்தது. முந்தின வருஷம் ஐப்பசி மழையில் தண்ணீர் போக வழியில்லாமல் ஏறியதில், பாலத்தடி டீக்கடை காதர் மைதீனின் பாய்லர் மிதந்துகொண்டே பஸ் ஸ்டாப் வரைக்கும் போயிற்று. ஆறாவது வார்டு காளியம்மாள் குத்தகைக்குப் பயிரிட்ட சம்பா நாற்று, நட்ட பத்தாம் நாளே அழுகிப்போனது. மறுபடி நாற்று வாங்கி நட்டாள். அதுவும் அழுகியது. இந்த வருஷமும் நட்டுவிட்டு, விண்ணரசியின் கொட்டகை வாசலில் வந்து உட்கார்ந்தாள். திட்டவும் இல்லை, அழவும் இல்லை. "மழைக்கு முன்னாடி அந்தச் செடிய எடுத்துருவாங்களா மெம்பரு?" என்று மட்டும் கேட்டாள். விண்ணரசி அன்று மதியச் சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்துவிட்டாள்.

அக்டோபர் இரண்டாம் தேதி கிராம சபையில் விண்ணரசி எழுந்து வாய்க்காலைப் பற்றிக் கேட்டாள். அடைக்கலராஜ் சட்டத்தைப் பிட்டுப் பிட்டு வைத்தார். வாய்க்கால் பாசன வாய்க்கால், ஆகவே வாய்க்கால் ஆபீசைச் சேர்ந்தது. கரை புறம்போக்கு, அது வருவாய்த் துறை. பாலம் ரோட்டு ஆபீஸ். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வேறு ஊராட்சி. ஒவ்வொருவருக்கும் அவரவர் எல்லை உண்டு. அடுத்தவர் எல்லையில் ஊராட்சி கை வைத்தால் தணிக்கையில் பதில் சொல்ல முடியாது.

விண்ணரசி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தரை ஒருத்தருது, கரை ஒருத்தருது, பாலம் ஒருத்தருது. சரிங்க தலைவரே, செடி யாருது?" என்றாள்.

கூட்டம் சிரித்தது. அடைக்கலராஜும் சிரித்தார். அதை மேலிடத்துக்குத் தெரியப்படுத்துவதாகத் தீர்மானம் போட்டு, தேசிய கீதம் பாடிக் கலைந்தார்கள்.

மறுநாள் வாய்க்கால் ஆபீசுக்குப் போனாள். அங்கே ஜோஸ்வா என்ற இளவயது இன்ஜினியர். நல்ல மனிதர்தான். தண்ணீர் விடுவது, நிறுத்துவது, மதகுக்கு எண்ணெய் போடுவது எல்லாம் தங்கள் பொறுப்பு. ஆனால் இந்தச் செடி வளருவது வீட்டுச் சாக்கடை வந்து கலப்பதால், சாக்கடை ஊராட்சியைச் சேர்ந்தது, ஆகவே செடியும் ஊராட்சியைச் சேர்ந்தது என்று விளக்கி, டீ வாங்கிக் கொடுத்தார். அங்கிருந்து தென்கரைக்குப் போனாள். சைத்தூன் பீவி இஞ்சி டீ கொடுத்தார். பாதி வாய்க்கால் தங்களுடையது என்றே வைத்துக்கொண்டாலும் பாதிச் செடியை மட்டும் எப்படி எடுப்பது, இங்கே எடுத்தால் அங்கேயிருப்பது மறுநாளே மிதந்து வந்துவிடாதா என்றார். நியாயமாகத்தான் இருந்தது. எல்லார் சொன்னதும் நியாயமாக இருந்ததுதான் விண்ணரசிக்கு எரிச்சலாக வந்தது. வயிறு நிறைய டீயோடு வீட்டுக்கு வந்தவள், சாயங்காலம் முழுக்க ஒரு தவலையைத் தேய்த்ததையே தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சட்டென்று சிரித்தாள். ரெமிஜியஸ் ஒயர் சுற்றுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அந்தச் சிரிப்பு அவருக்குக் கல்யாணமான நாளிலிருந்து தெரியும்.

கொட்டகையில் பழைய கல்யாண பிளெக்ஸ்கள் சுருட்டிக் கிடந்தன. முதுகுப் பக்கம் வெள்ளையாக இருக்கும். அதில் இரண்டை விரித்துப் போட்டு, பெயிண்டால் எழுதச் சொன்னாள். ரெமிஜியசின் கையெழுத்து அழகானது. என்ன எழுதுகிறோம் என்பது பாதி எழுதிய பிறகுதான் அவருக்குப் புரிந்தது. அதற்குள் நிறுத்துவதற்கு மனசு வரவில்லை.

முதல் பேனர் வடகரை பஸ் ஸ்டாப்பில் விடிந்ததும் தொங்கியது. 'நமக்காகக் கோரை வாய்க்காலைச் சுத்தம் செய்யும் தென்கரைத் தலைவி சைத்தூன் பீவி அவர்களுக்கு ஆறாவது வார்டு மக்களின் மனமார்ந்த நன்றி.' வெயில் ஏற ஏற, சைத்தூன் பீவியின் பெயருக்குப் பின்னாலிருந்து மாப்பிள்ளை ஒருவர் கோட்டு சூட்டோடு மங்கலாகத் தெரிந்தார். அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

இரண்டாவது பேனரை ரெமிஜியஸ் தன் லோடு ஆட்டோவில் கொண்டுபோய் வாய்க்கால் ஆபீசுக்கு எதிரே உள்ள வேப்பமரத்தில் கட்டினார். 'கேட்பாரற்றுக் கிடந்த கோரை வாய்க்காலைத் தன் சொத்தாக ஏற்றுக்கொண்ட வடகரை ஊராட்சிக்கு நன்றி.'

முதலில் வந்தவர் அடைக்கலராஜ். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"செடி அப்படியே கெடக்கு. அதுக்குள்ள நன்றியா? அதுவும் அந்தக் கரைக்கு, நம்ம பஸ் ஸ்டாப்புல?"

"நமக்குத்தான் அதிகாரம் இல்லைன்னு நீங்களே சொன்னீங்க தலைவரே. பாவம், அவங்களாவது செய்யட்டுமேன்னு" என்றாள் விண்ணரசி. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பினார். போகிற வழியில் பாலத்தின் மேல் நின்று வாய்க்காலை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்ததைக் காதர் மைதீன் கவனித்தார். தலைவரான பிறகு அவர் அங்கே நின்று பார்த்தது அதுவே முதல் தடவை என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

அடுத்தது சைத்தூன் பீவியின் போன்.

"செய்யாத வேலைக்கு நன்றி போட்டிருக்கியாமே. ஊரே என் வீட்டு வாசல்ல வந்து வாழ்த்துச் சொல்லுது. நான் என்னத்தைச் சொல்ல?"

"நீங்க செய்வீங்கன்னுதான் லாத்தா போட்டேன். வேற யாரு பேரைப் போடுறது?"

சைத்தூன் பீவி பக்கத்திலிருந்த யாரிடமோ ஆட்கள் கணக்குக் கேட்டார். பிறகு, "நாளன்னைக்குக் காலையில ஆளுங்களை அனுப்புறேன். அந்தப் பேனரைக் கழட்டிறாதே" என்றார்.

ஜோஸ்வாவின் போன் வந்தபோது கொட்டகையில் ரெமிஜியஸ் மாதா கோயில் திருவிழாவுக்காக மைக் செட்டைச் சோதித்துக்கொண்டிருந்தார். குழாய் ஸ்பீக்கர்கள் ஏற்கனவே கோயில் கோபுரத்திலும் பாலத்து விளக்குக் கம்பத்திலும் ஏறியிருந்தன. இன்ஜினியரின் குரலில் பதற்றம் இருந்தது. மேலதிகாரி ஜீப்பில் போகும்போது பேனரைப் பார்த்திருக்கிறார்; அரசாங்க வாய்க்காலை ஊராட்சிக்குத் தூக்கிக் கொடுக்க உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று கேட்டுவிட்டார். விண்ணரசி, சிக்னல் சரியில்லை, ஒரு நிமிஷம் என்றாள். மைக்குக்குப் பக்கத்தில் போய் நின்று, போனை ஸ்பீக்கரில் போட்டாள். ரெமிஜியசின் கை ஆம்ப்ளிபயரை அணைக்கப் போனது. அவள் ஒரு பார்வை பார்த்தாள். கை நின்றுவிட்டது.

"இப்ப சொல்லுங்க சார். வாய்க்கால் யாருது?"

"எங்களுதுங்க. இந்தக் கரையிலேருந்து அந்தக் கரை வரைக்கும் எங்க ஆபீசுது. ஊராட்சிக்கு அதுல ஒரு புல்லுகூடச் சொந்தம் கெடையாது."

இரண்டு கரையிலும் அது கேட்டது. கோபுரத்துப் புறாக்கள் கலைந்து பறந்தன. காதர் மைதீன் ஆற்றிக்கொண்டிருந்த டீ அந்தரத்தில் நின்றது.

"புல்லே உங்களுதுன்னா, செடியும் உங்களுதுதானே சார்?"

ஸ்பீக்கரில் கொர் என்ற இரைச்சல் மட்டும் வந்தது. ஊரே காத்திருந்தது.

"ஆமாங்க" என்றது ஸ்பீக்கர்.

தன் குரல் ஊர் முழுக்கக் கேட்டது என்பது ஜோஸ்வாவுக்கு அன்றே தெரிந்துவிட்டது. டீக்கடையில் இருந்தவர்களில் பாதிப் பேர் அவர் ஆபீசுக்குப் போன் போட்டு, நன்றாகப் பேசினீர்கள் என்று பாராட்டியிருந்தார்கள்.

குறித்த நாளில் காலை பாலத்தடியில் திருவிழாபோல் கூட்டம். வாய்க்கால் ஆபீசிலிருந்து நீள்கை பொக்லைன் வந்து நின்றது. தென்கரையிலிருந்து அரிவாளும் துரட்டியுமாக ஆட்கள். எதிர்பாராமல் வடகரைத் தலைவரும் இரண்டு டிராக்டரோடு வந்துவிட்டார். அடுத்த ஊராட்சி வந்து தன் கரையைச் சுத்தம் செய்து பேர் வாங்கிப் போவதை அவரால் தாங்க முடியவில்லை. இத்தனை நாள் யாருக்கும் வேண்டாத செடிக்கு இப்போது மூன்று பேர் உரிமை கொண்டாடினார்கள். தன் வாய்க்காலில் வேறு யாரும் இறங்கக் கூடாது என்றார் ஜோஸ்வா. தன் ஆட்களைக் கூட்டி வந்துவிட்டுத் திருப்பி அனுப்ப முடியாது என்றார் சைத்தூன் பீவி. அப்படியானால் நன்றிப் பேனரை எடுத்தால்தான் டிராக்டர் நகரும் என்றார் அடைக்கலராஜ். வெயில் ஏறியது. ஒரு செடிகூட நகரவில்லை.

விண்ணரசிக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பயம் வந்துவிட்டது. விளையாட்டு இந்த மட்டோடு நின்று, எல்லாரும் கோபித்துக்கொண்டு போய்விட்டால், காளியம்மாளுக்கு என்ன பதில் சொல்வது? பாலத்துக் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்றாள். பந்தி நடத்திய தொண்டை. இன்ஜினியர் மெஷின் நடு வாய்க்காலுக்கு, லாத்தா ஆட்கள் தென்கரைக்கு, தலைவர் டிராக்டர் வடகரையில் குவிவதை அள்ளிக்கொண்டு போக. ஒருவர் எல்லையில் இன்னொருவர் கால் வைக்கக் கூடாது, வைத்தால் மத்தியானம் சாப்பாடு கிடையாது என்றாள். சாப்பாடு என்ற சொல் புதிதாக இருந்தது. அப்போதுதான் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். காதர் மைதீன் கடை ஓரமாக அவளுடைய அண்டாக்களில் இரண்டு ஏற்கனவே அடுப்பில் இருந்தன.

சாயங்காலத்துக்குள் வாய்க்காலில் தண்ணீர் கண் விழித்தது. ஆனால் பாலத்துக்கு அடியில் ஒரு பெரிய திட்டு அப்படியே அடைத்துக்கொண்டு நின்றது. பொக்லைன் கை அங்கே எட்டாது. அது ரோட்டு ஆபீசின் எல்லை என்றார் ஜோஸ்வா. ஆமாம் என்றார் அடைக்கலராஜ். சைத்தூன் பீவியும் தலையாட்டினார். மூவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

 விண்ணரசி கொட்டகையிலிருந்து பந்தல் கயிற்றைக் கொண்டுவரச் சொல்லி, ஆட்களை விட்டு அந்தத் திட்டைச் சுற்றிக் கட்டி, கயிற்றின் முனையில் சிவப்பு ரிப்பன் முடிந்தாள். வாய்க்காலைத் திறந்து வைக்கும்படி மூன்று சிறப்பு விருந்தினர்களையும் ஆறாவது வார்டு சார்பில் கேட்டுக்கொள்வதாக மைக்கில் அறிவித்தாள். ரிப்பனைக் கண்டதும் மூவர் கையும் தானாக நீண்டது. ரெமிஜியஸ் ஸ்பீக்கரில் மேளம் போட்டார். மூவரும் இழுத்தார்கள். முதல் இழுப்புக்கு அசையவில்லை. இரண்டாவதற்குப் பின்னால் நின்ற ஊர்க்காரர்களும் கயிற்றைப் பிடித்தார்கள். திட்டு சட்டென்று பிய்த்துக்கொண்டு வந்ததில், முன்னால் நின்ற அடைக்கலராஜ் சேற்றில் உட்கார்ந்தார். மடிப்புக் கலையாத சட்டை மார்புவரை பச்சையாயிற்று.  முதலில் சிரித்தது அவர்தான்.

அந்தச் சிரிப்பு ஒரு வாரம்தான் தாங்கியது. அடுத்த ஊராட்சி மன்றக் கூட்டத்தில் விண்ணரசி மேல் தீர்மானம் வந்தது. வார்டு உறுப்பினர் தன்னிச்சையாக யாருக்கும் நன்றி தெரிவிப்பது ஊராட்சியின் அதிகாரத்தில் தலையிடுவதாகும். இனி ஊராட்சி சார்பில் நன்றி சொல்லும் அதிகாரம் தலைவருக்கு மட்டுமே உண்டு. செயலர் வாசித்து முடித்ததும் கை தூக்கச் சொன்னார்கள். முதல் கை விண்ணரசியுடையது. 

"நல்ல தீர்மானம்ங்க தலைவரே. ஒரு சந்தேகம் மட்டும். நன்றி சொல்ற அதிகாரம் உங்களுக்கு. திட்டுற அதிகாரம் யாருக்குன்னு இதுல போடலையே?"

செயலர் பேனாவை மூடி வைத்தார். அதை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தார்கள்.

ஐப்பசி பாதியில் மழை பிடித்தது, இரண்டு நாள் விடாமல் கொட்டியது. வாய்க்கால் சுழித்துக்கொண்டு ஓடியது. டீக்கடைப் படிக்கு ஒரு சாண் கீழே வந்து, நின்று, மெல்ல இறங்கிவிட்டது. பாலத்தின் மேல் குடையோடு நின்ற ஜனத்தில் சிலர் மாதாவுக்கும், சிலர் அல்லாவுக்கும், சிலர் இன்ஜினியருக்கும் நன்றி சொன்னார்கள். விண்ணரசியின் பேரை யாரும் எடுக்கவில்லை.  அவள் வீட்டுக்கு வந்து அன்று பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே அடுக்கினாள். ரெமிஜியஸ் வெங்காயம் அரிந்து, பஜ்ஜி போட்டுக் கொடுத்தார். இரண்டாவது தட்டுக்கு வரும்போது அவள் சரியாகிவிட்டாள்.

தை மாதம் காளியம்மாள் சம்பா அறுத்தாள். கொள்முதல் நிலையத்தில் அவள் நெல் குவியலாகக் கிடந்தது. மூடுவதற்குப் படுதா இல்லை, மேலே மேகம் திரண்டிருந்தது. விண்ணரசி போய்க் கேட்டபோது, படுதா ஒரு ஆபீசைச் சேர்ந்தது, களம் ஊராட்சியைச் சேர்ந்தது, நெல் இன்னும் எடை போடாததால் அது விவசாயியைச் சேர்ந்தது என்று அங்கிருந்தவர் தன்மையாக எடுத்துச் சொன்னார். விண்ணரசி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஒரு சாக்கை இழுத்துப் போட்டு அதன் மேல் வசதியாக உட்கார்ந்துகொண்டு, "அந்த ஆபீசு எங்க இருக்குன்னு சொன்னீங்க?" என்றாள்.